தூளி வூட்டு நெற்றிக்கல்

பல்லாவரத்தை விட்டு மின்சார ரயில் வேகம் எடுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மடியில் மத்திய அரசு வருஷாவருஷம் தரும் மானியத்தின் இந்த வருஷத்து உத்தரவு, அதோடு சேர்த்துக் குண்டூசி குத்திய நிபந்தனைத் தாள்கள். "அதையெல்லாம் பிரிச்சுப் படிச்சுக்கிட்டு இருக்காதே, கசங்காம கொண்டு வா" என்று சொல்லித்தான் எங்கள் மாதர் சங்கத்துச் செயலாளர் அம்மா என்னை நகரத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். படிக்காதே என்று சொன்ன எதையும் நான் படிக்காமல் விட்டதில்லை. பட்டம் வாங்கி, டைப்பிங் பாஸ் செய்து, வேலை கிடைக்காமல் கிழக்குத் தாம்பரத்து வீட்டில் அப்பாவின் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஒரு நிபந்தனையின் பாதியில் இருந்தேன். குன்றுப் பக்கம் கல்குவாரியில் வெடி போட்டார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர் பெஞ்சில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். நான் அந்த ஆங்கில வரியைத் தமிழாக்கி, என்னை அறியாமல் உரக்கவே சொன்னேன்: "மானியத்தில் எழுப்பிய கட்டடத்தை, எந்தக் காரியத்துக்காக எழுப்பினார்களோ அதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது." அடுத்ததையும் சொன்னேன். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தனி ஆள் யாரும் உரிமை கொண்டாடக் கூடாது. சாதி மதம் பார்த்து யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது. அரசு மானியத்தில் கட்டியது என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். மீறினால் கொடுத்த பணம் முழுவதும் திரும்பப் போகும், கட்டடத்துக்குப் பூட்டு விழும். கீரைக்கார அம்மாள் கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இத்தனை வலுவான வாக்கியங்கள் செயலாளர் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு கிடப்பதா? தூளி வூட்டுப் பெண்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினால் என்ன? வாசலிலேயே எழுதி மாட்டினால் என்ன? தாம்பரம் வருவதற்குள் பலகையின் நீள அகலம்கூட என் மனதில் முடிவாகிவிட்டது.

தூளி வூடு என்பது பெண்கள் வைத்த பெயர். எங்கள் காகிதங்களில் அது குழந்தைகள் காப்பகம். பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி, வண்டலூர்ப் பக்கம் போகும் வண்டிப்பாதையில், கல்லுடைக்கும் குன்றிலிருந்து எட்டி, ஏரிக்கரை ஓரமாக நிற்கும் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. உத்தரத்தில் பழம்புடவைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். தாய்மார்கள் குவாரியில் ஜல்லி உடைக்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் இங்கே ஆயாவிடம் இருப்பார்கள், பால் குடிப்பார்கள், தூங்குவார்கள்.

அது கட்டப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும்போது, சங்கத்து அம்மாக்களோடு பால் பவுடர் கொடுக்கப் போயிருந்தேன். அப்போதெல்லாம் தூளிகளைக் குவாரிக்குப் பக்கத்துப் புளியமரத்தில்தான் கட்டுவார்கள். வெடி வைக்கும் முன் மேஸ்திரி நீளமாக விசில் ஊத வேண்டும். ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு கீழே ஓடி, பாதையில் வரும் வண்டிகளை மறிக்க வேண்டும். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஏரிக்கரைக்குப் பின்னால் ஓட வேண்டும். அன்றைக்கு விசிலும் வெடியும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன. திரி கட்டையாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். வானத்திலிருந்து கல் கொட்டியது. பாறைக்குப் பின்னால் ஒரு கிழவரின் தோள் பிளந்து எலும்பு தெரிந்தது. புளியமரத்தில் ஒரு தூளியில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். தாய் ஓடிவந்து துணியை விரித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு முழுவதும் அவள் மேல் வழிந்தது.

 சமாதானம் சொல்லத் தோளில் கை வைத்த மேஸ்திரியின் கையைக் கவ்வி, சதை பிய்கிற வரைக்கும் கடித்தாள். இரண்டு ஆட்கள் அவள் முடியைப் பிடித்து இழுத்துத்தான் விலக்க முடிந்தது. குவாரிக் காண்டிராக்டர் ஜீப்பை விட்டு இறங்காமலே, மரத்தில் கட்டச் சொன்னது யார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தாயைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன். இப்போது அவளுக்கு இன்னொரு பெண் குழந்தை, தவழும் வயசு. அது தூளி வூட்டின் ஜன்னலோரத் தூளியில் தூங்கும். வேலைக்குப் போகும்போது அக்கா அந்தத் தூளியின் முடிச்சை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மானியம் எழுதி வாங்கிக் கட்டடத்தை எழுப்பியவர் செயலாளர் அம்மா. கல்லூரிப் பேராசிரியரின் மனைவி. நல்லவர், அதைவிட மரியாதையானவர். அந்த மரியாதைதான் எங்களைக் குழியில் தள்ளியது. கட்டும்போது காண்டிராக்டர் லாரியில் அஸ்திவாரக் கல் இனாமாக அனுப்பினார். எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால்கூட வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் 'உபயம்' என்று பெயர் எழுதிவிடுவோம். கோயில் மணி, சர்ச் மின்விசிறி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை, எதுவும் தப்பாது. கல் கொடுத்தவருக்குச் செய்யாமல் இருக்கலாமா? கமிட்டி கூடிப் பேசி, வாசலுக்கு மேலே, நெற்றியில் ஒரு பளிங்குக் கல் பதித்தது. 'இக்கட்டடம்' என்று தொடங்கி, காண்டிராக்டரின் பெயர் பெரிய எழுத்தில், கீழே 'உபயம்'. அவர் கொடுத்தது கொஞ்சம் கல். எழுதியது முழுக் கட்டடம். அரசு மானியம் என்று ஒரு சொல் எங்கேயும் இல்லை.

நான் சங்கத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு. ரயிலிலிருந்து இறங்கிய மறுநாளே தூளி வூட்டுக்குப் போய், மதியச் சோற்று நேரத்தில் நிபந்தனைகளைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வெற்றிலை போட்டார்கள். அக்கா மட்டும் கடைசி வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது காண்டிராக்டர் வூடு இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா. பிள்ளைங்களுக்காகக் கட்டினது. வேற எதுக்கும் எடுத்துக்க யாருக்கும் உரிமை இல்ல. காண்டிராக்டருக்கும் இல்ல, எங்க சங்கத்துக்கும் இல்ல."

"இம்மா நாளா இத்த ஏன் சொல்லல நீங்கோ? அந்தாளு வாசல்ல வந்து நின்னா நாங்க எந்திரிச்சி நின்னுகினு கீறோம்." பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்களா? நாளைலேர்ந்து குந்திகினே பேசுங்க."

நானே ஒரு தகரத்தில் வெள்ளை பூசி, கறுப்பு எழுத்தில் எழுதி, பளிங்குக் கல்லுக்குக் கீழே மாட்டினேன். நிபந்தனையை நிறைவேற்றிவிட்டோம் என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காண்டிராக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்று ஆயா சொன்னாள். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அடுத்த மழைநாளில் அவர் பதில் வந்தது. குவாரியில் மருந்து வைக்கும் கொட்டகை ஒழுகுகிறதாம். வெடிமருந்தை அங்கே எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். மேஸ்திரியும் அவன் ஆட்களும் மருந்துப் பெட்டிகளைச் சாக்குப் போர்த்தித் தூக்கிக்கொண்டு தூளி வூட்டுக்குள் நுழைந்தார்கள். என் தகரத்தைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். நான் அப்போது உள்ளே பால் பவுடர் அளந்துகொண்டிருந்தேன். ஆயா கையில் அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று ஒருவன் அரிவாளால் தூளிகளை வரிசையாக வெட்டிக்கொண்டே வந்தான். தூளியில் பிள்ளை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரத் தூளி அறுந்து, அக்காவின் பெண் ஒரு பெட்டியின் இரும்புக் கட்டின் மேல் விழுந்தது. நெற்றி கிழிந்து, கண்ணெல்லாம் ரத்தம்.

நான் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தேன். மூன்றாவது நிபந்தனை, ஐந்தாவது நிபந்தனை என்று எதையோ கத்தினேன். அவன் புறங்கையால் ஓங்கி ஒரு அறை விட்டான். கண்ணாடி உடைந்து ஒரு சில்லு கன்னத்தில் ஏறியது. வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்ற காண்டிராக்டர் மேலே கை காட்டினார்.

"படிச்ச பொண்ணுதானேம்மா நீ? வூட்டு நெத்தியில இன்னா எழுதிக் கீதுன்னு படி."

அழுகை கேட்டுக் குவாரியிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் அக்கா, கையில் கல்லுடைக்கும் சுத்தி. குழந்தையைப் பார்த்தாள். அதைத் தூக்கக்கூட இல்லை. நேரே போய் மேஸ்திரியின் முழங்காலில் ஒன்று போட்டாள். கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. சைக்கிள் செயின் சுழன்றது. ஒருத்தியின் காது கம்மலோடு கிழிந்தது. பெண்கள் ஜல்லியை அள்ளி முகத்தில் வீசினார்கள். அரிவாள் வைத்திருந்தவனைச் சேற்றில் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி மிதித்தார்கள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இத்தனையும் நடந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவன் பீடி பற்ற வைத்திருந்தால் இதை எழுத நான் இல்லை. கடைசியில் கடப்பாரையால் அக்காவின் வலது மணிக்கட்டை அடித்து உடைத்தார்கள். சுத்தி அப்போதுதான் கீழே விழுந்தது.

போலீஸ்காரர் சாயங்காலம் வந்தார். காண்டிராக்டர்தான் அனுப்பி வைத்திருந்தார். யார் கட்டடம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நிமிர்ந்து பளிங்குக் கல்லைப் படித்துவிட்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எல்லோரும் கலைந்து போங்கள் என்றார். மானிய உத்தரவை நீட்டினேன். இங்கிலீஷில் இருக்கிறது, ஸ்டேஷனுக்குக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

செயலாளர் அம்மா என் கன்னத்துக் காயத்தைப் பார்த்து அழுதார். ஆனால் அவருடைய கவலை வேறு. மானிய அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி அந்த வாரமே வருகிறார். பெட்டிகளைப் பார்த்தால் மானியம் போயிற்று, கட்டடம் போயிற்று. மழை நிற்கிற வரைக்கும்தானே காண்டிராக்டர் கேட்கிறார், சமாதானமாகப் போகலாம், வருகிறவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காண்டிராக்டரும் அதற்குச் சம்மதித்தார். அதனால், சொல்லவே கூசுகிறது, அந்த அதிகாரி வந்த காலையில் மருந்துப் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி, மேலே பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தி, பெஞ்சு மாதிரி ஆக்கியிருந்தார்கள். பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைத்து வரவேற்புப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். நெற்றியில் தையலோடு அக்காவின் பெண் முதல் ஆளாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. குதிகால் பெட்டியில் இடிக்கும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதிகாரி அம்மாள் நடுத்தர வயது, தோளில் துணிப்பை, முகத்தில் சிரிப்பே இல்லை. பாட்டைக் கேட்டார். பால் பவுடரை விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு பார்வையாளர் புத்தகத்தில் எழுதுவதற்காகப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அந்த விரிப்பின் மேலேயே உட்கார்ந்தார். செயலாளர் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் உதறினேன்.

"மேடம், நீங்க உட்கார்ந்திருக்கிறது வெடிமருந்துப் பெட்டி மேல."

பாதி எழுதிய வரியை அவர் முடித்தார். பேனாவை மூடினார். பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். "மத்த பிள்ளைங்களையும் எடுங்க. ஓடாதீங்க, மெதுவா." கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர் எழுந்தார். 

வெளியே காண்டிராக்டர் ஆட்களோடு நின்றிருந்தார். இது என் கட்டடம் என்று தொடங்கினார்.  இந்தப் பெட்டிகளை எந்த இடத்தில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள் என்று அதிகாரி அம்மாள் கேட்டார். காண்டிராக்டர் ஆட்களை உள்ளே அனுப்பினார். மதியத்துக்குள் பெட்டிகள் வெளியே போய்விட்டன.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அதிகாரி அம்மாளோ அப்போதுதான் நெற்றிக்கல்லை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யார் வெச்சது?"

செயலாளர் அம்மா லாரிக் கல்லின் கதையைச் சொன்னார், மரியாதைக்காக என்றார்.

"அரசாங்கப் பணத்துல கட்டினதை இன்னொருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டீங்க. இதைக் காட்டி நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போவார். நான் அடுத்த தடவை வரும்போது இந்தக் கல் இருக்கக் கூடாது. நிபந்தனைப்படி அறிவிப்பு இருக்கணும். இல்லேன்னா மானியத்தை நிறுத்தச் சொல்லி எழுதறது தவிர எனக்கு வேற வழி இல்ல." அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இஷ்டம் இல்லாமதான் எழுதுவேன். ஆனா எழுதுவேன்" என்றார்.

தூளி வூடு மூடினால் பிள்ளைகளுக்கு மறுபடியும் புளியமரம்தான். அந்த மரத்தில் பழைய கயிற்றின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் நடப்பதே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள்.

முதலில் நேர் வழியில் முயன்றோம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்தோம். அவர் ஏணியில் ஏறியபோதே காண்டிராக்டர் ஆட்கள் கீழே இழுத்துப் போட்டு, வாயில் மிதித்துப் பல்லை உடைத்து அனுப்பினார்கள். அப்புறம் எந்தக் கொத்தனாரும் வரவில்லை. நான் மறுபடி எழுதி மாட்டிய தகரத்தைக் கல்லெறிந்து சல்லடையாக்கினார்கள். கல்லைத் தொடுகிற கை மணிக்கட்டோடு போகும் என்று காண்டிராக்டர் ஜீப்பில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தன் கட்டுக்கையை உயர்த்திக் காட்டி, "ஒண்ணு ஏற்கெனவே எட்துக்கினான், மீதிக்கும் ஆசப்படறான் பாரு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் ஏணிப் பக்கம் போகவில்லை. வாசலில் எப்போதும் தடியோடு ஓர் ஆள் காவல்.

அந்தக் காவல்காரனைப் பார்த்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். குன்றில் விசில் ஊதியது. காவல்காரன் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினான். அட, கொடி பிடிக்கிற வேலையும் அவனுடையதுதான். மேஸ்திரி விந்தி விந்தித் திரிப் பக்கம் போனான். மற்ற ஆட்கள் குவாரியின் அந்தப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பெண்கள் வழக்கம்போல இந்தப் பக்கம், ஏரிக்கரைக்குப் பின்னால், தூளி வூட்டுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்கள். வெடி முடிந்தது என்று அடுத்த விசில் ஊதுகிற வரை ஓர் ஆண்பிள்ளை இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. வெடிக்கிற சத்தத்தில் கடப்பாரைச் சத்தம் யாருக்குக் கேட்கும்?

அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் மூஞ்சியப் பார்த்தா நாஸ்தி பண்றவள்னு யாரும் சொல்ல மாட்டாங்கோ" என்றாள். சரி என்று அதற்கு அர்த்தம்.

முதல் பாதி வேலை முடிந்துவிட்டது. இந்தத் தடவை தகரம் இல்லை. ஒரு பட்டைக் கருங்கல்லில் நான் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்துப் போட, பெண்கள் ஆளுக்கு ஒரு வரியாகச் செதுக்கினார்கள். மத்திய அரசு மானியத்தில் கட்டியது, குழந்தைகளுக்கு மட்டும், எந்தக் குழந்தையும் வரலாம், தனி ஆளுக்கு உரிமை இல்லை. கடைசி வரியை அக்கா இடது கையால் சுத்தி அடிக்கக் கற்றுக்கொண்டு செதுக்கினாள். அந்த வரி கோணல்தான், அப்படியே இருக்கட்டும். கல் இப்போது எழுத்துப் பக்கம் கீழாக, தூளி வூட்டு வாசலுக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. காவல்காரன் அதன்மேல் உட்கார்ந்துதான் பீடி பிடிக்கிறான்.

செயலாளர் அம்மாவிடம் நான் சொல்லாமல் இருந்திருப்பேன். எப்படியோ தெரிந்து, இன்று காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். தடுப்பார் என்று எண்ணிப் போனேன். சிமெண்டுக் கலவை காயாமல் இருக்க எதில் எடுத்துப் போவீர்கள் என்று கேட்டார். நாளைக்குத் தன் டிபன் கேரியரில் தானே எடுத்து வருவதாகச் சொன்னார். மேல் அடுக்கில் கொஞ்சம் சோறு வைத்துக்கொள்வாராம், யாராவது திறந்து பார்த்தால்.

நாளை வெடி நாள். பிள்ளைகளை ஆயா காலையிலேயே சர்ச் மைதானத்துக்குக் கூட்டிப் போய்விடுவாள். கடப்பாரைகள் பால் பவுடர் மூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. முதல் விசிலுக்கு ஏணி, வெடிக்கும்போது நெம்பு, இரண்டாவது விசிலுக்குள் புதுக் கல் நெற்றியில் ஏறியிருக்க வேண்டும். பளிங்குக் கல்லை உடைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மரியாதையாகத் துணியில் சுற்றி, காண்டிராக்டரின் ஜீப்பில் வைத்துவிடுவோம்.